தண்ணீர்ப்பந்தலில் நின்றவன்

எங்கள் ஊரில் பங்குனி பாதி கழிந்ததும் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே தண்ணீர்ப்பந்தல் போடுவார்கள். நான்கு மூங்கில், மேலே தென்னங்கீற்று, கீழே ஆற்றுமணல் பரப்பி அதன்மேல் இரண்டு பெரிய மண்பானைகள். பள்ளி விடுமுறையில் அங்கே தண்ணீர் ஊற்றும் வேலை என்னைப் போன்ற சிறுவர்களுக்கு. வருகிறவர்கள் குனிந்து இரு கைகளையும் குவித்து வாயருகே வைத்துக்கொள்வார்கள். நாங்கள் செம்பிலிருந்து ஊற்றுவோம். அப்படிக் கைகுவித்துக் குடிக்க வைத்ததற்குப் பின்னால் தீட்டு என்னும் கசப்பான வரலாறு இருந்தது என்பது வளர்ந்த பிறகே எனக்குப் புரிந்தது. அன்று எங்களுக்குத் தெரிந்தது வேறொன்று. வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு யாராலும் ‘போதும்’ என்று சொல்ல முடியாது. தலையை இலேசாக அசைப்பார்கள். அந்த அசைவைக் கவனிக்க வேண்டும். கவனிக்காமல் ஊற்றினால் அவர்களுக்குப் புரையேறும். பந்தல்காரத் தாத்தாவிடமிருந்து எங்களுக்குக் குட்டு விழும்.

அந்த அசைவைக் கண்டும் காணாமல் விட்ட ஒரு நாளைப் பற்றி இங்கே எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். அது ஊர்ப் பந்தலில் நேர்ந்ததன்று. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகி, 2019ஆம் ஆண்டு சனவரியில், கடலோர நகரம் ஒன்றில் நடந்த மாரத்தான் ஓட்டத்தின் 32ஆம் கிலோமீட்டரில் நேர்ந்தது.

*

தமிழ்த்துறைக்காரர் ஒருவர் விடியற்காலையில் அரைக்கால் சட்டையோடு ஓடுகிறார் என்பது எங்கள் கல்லூரியில் சில காலம் வேடிக்கைச் செய்தியாக இருந்தது. முப்பத்தெட்டாம் வயதில், இரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று மருத்துவர் எச்சரித்தபின் நடக்கத் தொடங்கினேன். நடை மெல்ல ஓட்டமாயிற்று. மூன்று அரை மாரத்தான்களை முடித்ததும், கல்லூரியில் ஓட்டம் பற்றி யாருக்கு ஐயம் வந்தாலும் என்னிடம் அனுப்பும் நிலை வந்துவிட்டது.

அப்படி வந்தவர்தான் இயற்பியல் துறையின் உதவிப் பேராசிரியர். முப்பத்தாறு வயது, ஒரு பெண் குழந்தையின் தாய். முழு மாரத்தான் ஓட விரும்புவதாகவும் நான் வழிகாட்ட வேண்டும் என்றும் கேட்டார். 42.195 கிலோமீட்டர். நானே ஓடியிராத தூரம். ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லியிருக்கலாம். பதினைந்து ஆண்டுகள் வகுப்பில் நின்று பேசியவனுக்கு அந்தச் சொல் அவ்வளவு எளிதில் வாயில் வருவதில்லை.

பயிற்சிக்கு ஓர் அட்டவணை எழுதிக் கொடுத்தேன்; கூடவே தண்ணீருக்கும் ஓர் அட்டவணை. பாதையில் இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர் மேசை இருக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு குவளை குடிக்க வேண்டும். ஒன்று தண்ணீர், மற்றது விளையாட்டு வீரர்களுக்கான உப்பும் சர்க்கரையும் கலந்த பானம். தாகம் எடுத்தபின் குடித்தால் காலம் கடந்துவிடும், அதற்கு முன்பே குடித்துவிட வேண்டும் என்று அடியில் சிவப்பு மையால் எழுதினேன். அந்தக் கருத்து என்னுடையதன்று. ஓட்டக்காரர்களிடையே பழமொழிபோல் வழங்கியது; நானும் எங்கோ படித்து நம்பியிருந்தேன். மூலநூலைப் பாராமல் மேற்கோளை எடுத்தாளாதீர்கள் என்று ஆய்வு மாணவர்களிடம் ஆண்டுதோறும் சொல்கிறவன், இதற்கு மூலம் எது என்று தேடவில்லை.

ஓட்டத்துக்குச் சில வாரங்கள் முன்பு எனக்கு முழங்காலில் வலி வந்தது. ஓட முடியாதவன் ஊற்றவாவது செய்யலாம் என்று 32ஆம் கிலோமீட்டர் மேசையில் தன்னார்வலனாக நின்றேன். அதிகாலை 4 மணிக்குப் புறப்பட்டவர், எட்டரை மணிக்குச் சற்று முன்பு என் மேசைக்கு வந்தார். காற்றில் ஈரம் கனத்திருந்தது. குவளையை நீட்டினேன்.

“சார், வயிறு தளும்புது. இந்த ஒரு தடவை வேண்டாமே” என்றார்.

முகம் சற்று உப்பியிருந்ததை வெயிலின் வேலை என்று எண்ணிக்கொண்டேன். “இனிமேதான் வெயில் ஏறும். கணக்கை விட்டுடாதீங்கம்மா” என்றேன்.

தலையை இலேசாக அசைத்தார். பிறகு இரண்டு குவளைகளையும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். தம்மைவிட மூத்தவர் ஒருவரின் சொல்லைத் தட்ட வேண்டாம் என்ற பணிவு அது. அந்தப் பணிவுக்கு என்ன விலை கொடுக்க நேர்ந்தது என்பது ஒன்றரை மணி நேரத்தில் தெரிந்தது.

5 மணி 40 நிமிடங்களில் ஓடி முடித்தார். சிறிது நேரத்தில் தலை வலிக்கிறது என்றார். பிறகு வாந்தி, வெறும் தண்ணீராக வந்தது. விரலில் மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. மகளின் பெயரை யாரோ கேட்டபோது யோசித்தார், சொல்லத் தெரியவில்லை. ‘உடம்பில் நீர் வற்றிவிட்டது, தண்ணீர் கொடுங்கள்’ என்று சுற்றி நின்றவர்கள் எல்லோரும் குரல் கொடுத்தோம். இந்தத் தன்மைப் பன்மையில் நானும் உண்டு.

முதலுதவிக் கூடாரத்தில் குளுக்கோஸ் பாட்டிலை மாட்டிவிட்டார்கள். ஊசி ஏற்றும் முன், பணியிலிருந்த இளம் பெண் மருத்துவர் அந்த மோதிரத்தைப் பார்த்தார். “எவ்வளவு குடிச்சாங்க?” என்று கேட்டார். என் அட்டவணையை மனப்பாடமாக ஒப்பித்தேன். அதில் சிறிது பெருமையும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அவர் ஊசியை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு ஆம்புலன்சை வரவழைத்தார்.

மருத்துவமனையில் இரத்தத்தைச் சோதித்தார்கள். சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும்; அவருக்கு 122 இருந்தது. நீர் வற்றியிருக்கவில்லை, மிகுந்திருந்தது. 3 விழுக்காடு அடர்த்தியுள்ள உப்புக் கரைசலைச் சிறிது சிறிதாக ஏற்றினார்கள். மாலையில் மகளின் பெயரைச் சொன்னார். இரண்டு நாளில் வீடு திரும்பினார்.

*

அன்றிரவு உறக்கம் வரவில்லை. வேண்டியவர் வேண்டாம் என்ற பிறகும் ஊற்றிய நீர் ஓர் உயிரை எடுத்திருக்கும் என்பது எனக்கு நம்ப முடியாததாக இருந்தது. செய்திருக்க வேண்டிய வேலையை, அதாவது மூலத்தைத் தேடும் வேலையை, அப்போதுதான் தொடங்கினேன்.

உடலில் நடந்தது இதுதான். நெடுநேரம் உடலை வருத்தும்போது, சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் இரத்தத்தில் இருந்துகொண்டே இருக்கிறது. சிறுநீரகம் மிகையான நீரை வெளியேற்ற முடிவதில்லை. குடித்த நீர் இரத்தத்தைக் கரைத்து நீர்க்கச் செய்கிறது. இரத்தத்தில் உப்பின் செறிவு குறையும்போது, நீர் செல்களுக்குள் புகுந்து அவற்றை வீங்க வைக்கிறது. விரல் வீங்கினால் மோதிரம் இறுகும், அவ்வளவுதான். மூளை வீங்கினால் மண்டையோட்டுக்குள் அதற்கு இடமில்லை. தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு, இறுதியில் மரணம் என்பது அதன் வரிசை.

என் பள்ளி நாள்களில் இதற்கு நேர்மாறான பாடம் இருந்தது. ஓடும்போது தண்ணீர் குடித்தால் விலாவில் பிடித்துக்கொள்ளும் என்று உடற்கல்வி ஆசிரியர் குழாயடிப் பக்கமே விடமாட்டார். அந்த நம்பிக்கை உலகெங்கும் இருந்தது. அதன் கொடுமையான சான்று 1904ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தான். ஆகஸ்ட் 30, பிற்பகல், ஏறத்தாழ 32 பாகை வெயில், புழுதிச் சாலை. அமைப்பாளர் ஜேம்ஸ் சல்லிவன், நீரின்றி ஓடினால் உடல் என்ன ஆகிறது என்று பார்க்க விரும்பித் தண்ணீர் கிடைக்கும் இடங்களை மிகவும் சுருக்கிவிட்டார். புறப்பட்ட 32 பேரில் 14 பேர்தாம் முடித்தார்கள். வென்ற தாமஸ் ஹிக்ஸ் வழியில் தண்ணீருக்குக் கெஞ்சினார். உதவியாளர்கள் குடிக்கத் தராமல் வாயைத் துடைத்துவிட்டார்கள். பிறகு முட்டை வெண்கருவில் ஸ்டிரிக்னைன் என்னும் நஞ்சைச் சிறிதளவு கலந்து கொடுத்தார்கள், பிராந்தியும் கொடுத்தார்கள். பிரமை பிடித்தவராய் முடிவுக்கோட்டைக் கடந்தார்.

காலம் மறுபக்கம் சாய்ந்தது 1965க்குப் பிறகு. புளோரிடாப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியினர் ஆட்டத்தின்போது ஏன் சிறுநீர் கழிப்பதே இல்லை என்று உதவிப் பயிற்சியாளர் ஒருவர் கேட்டார். சிறுநீரக மருத்துவரான ராபர்ட் கேட் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். வியர்வையில் போவதை ஈடுசெய்ய நீர், உப்பு, சர்க்கரை ஆகியவற்றைக் கலந்தார். வாயில் வைக்க முடியவில்லை. எலுமிச்சைச் சாறு சேர்க்கச் சொன்னவர் அவருடைய மனைவி. அணியின் பெயரான ‘கேட்டர்ஸ்’ என்பதிலிருந்து கேட்டோரேட் என்ற பெயர் வந்தது. அந்த அணி 1967 சனவரியில் ஆரஞ்சு பவுல் ஆட்டத்தில் வென்றபோது பானமும் புகழ்பெற்றது.

கேட் தேடிய விடை உண்மையானது. கனத்த காப்புடைகளை அணிந்து, கொதிக்கும் வெயிலில் மோதிக்கொண்ட பெரும் உடல்களுக்கான விடை அது. பிந்தைய ஆண்டுகளில் விளையாட்டுப் பானம் பெருவணிகமான பிறகு, அதே விடை எல்லா உடல்களுக்கும் உரியதாக ஆக்கப்பட்டது. தாகம் நம்பத் தகாத சாட்சி என்ற பிரசாரம் கூடவே வந்தது. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கழகம் 1996இல் வெளியிட்ட நிலைப்பாடு, வியர்வையில் போவது முழுவதையும் ஈடுசெய்யுமளவு, அல்லது வயிறு தாங்கும் உச்ச அளவு குடிக்கச் சொன்னது. மணிக்கு 600 முதல் 1200 மில்லிலிட்டர் என்ற கணக்கும் அதில் இருந்தது. என் சிவப்பு மை வாக்கியத்தின் ஊர் இதுதான்.

எனக்கு வருத்தம் தந்தது இதற்கு முந்தைய செய்தி. தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓடும் காம்ரேட்ஸ் பந்தயம் புகழ்பெற்றது. 1981இல் அதில் ஓடிய ஒரு பெண்மணி இதே நீர்மிகையால் நினைவிழந்தார். மருத்துவர் டிம் நோக்ஸும் உடன் ஆய்ந்தவர்களும் இத்தகைய நால்வரைப் பற்றி 1985இல் எழுதினார்கள். அக்கட்டுரை வெளிவந்தது அதே அமெரிக்கக் கழகத்தின் ஆய்விதழில்தான். பதினொரு ஆண்டுகள் கழித்து அந்தக் கழகம் உச்ச அளவு குடிக்கச் சொன்னது. உண்மை அச்சில் ஏறிவிட்டால் போதும் என்று நம்புகிற என்னைப் போன்றவர்கள் இதைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 28 வயதுப் பெண் ஒருவர் நீர்மிகையால் இறந்தார். அதே ஓட்டத்தில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களும், ஓட்டத்தின் முடிவில் எடை கூடியிருந்தவர்களுமே பெரிதும் பாதிக்கப்பட்டார்கள். குடித்தது வெறும் தண்ணீரா விளையாட்டுப் பானமா என்பதால் வேறுபாடு தென்படவில்லை.

என்னை இடறிய இடம் இதுதான். பானத்தில் உப்பு இருக்கிறதே? இருக்கிறது. வழக்கமான விளையாட்டுப் பானத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 20 மில்லிமோல் சோடியம், இரத்தத்திலோ 140. கெட்டியான மோரில், உப்புப் போட்டதாயினும் நீர்மோரை ஊற்றிக்கொண்டே போனால் மோர் நீர்த்துத்தானே போகும்?

உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் என்றதும் நம் நாட்டுக்கு வேறொரு நினைவும் வர வேண்டும். 1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்துப் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. ஊசிவழி ஏற்றும் திரவம் தீர்ந்துவிட்ட நிலையில், மருத்துவர் திலீப் மகலனபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை டிரம்களில் கரைத்து, வாய்வழியே புகட்ட ஏற்பாடு செய்தார். ஏறத்தாழ 30 விழுக்காடு இருந்த சாவு 3 விழுக்காட்டளவுக்கு இறங்கியது. குளுக்கோஸ் சோடியத்தோடு சேர்ந்தே குடலால் உறிஞ்சப்படும். அவற்றோடு நீரும் போகும் என்பது அதன் அடிப்படை. இன்றைய உலக சுகாதார நிறுவன ஓ.ஆர்.எஸ். கரைசலில் லிட்டருக்குச் சோடியம் 75 மில்லிமோல், குளுக்கோஸ் 75 மில்லிமோல். சோடியம் மட்டும் விளையாட்டுப் பானத்தில் இருப்பதைப்போல் மூன்று மடங்குக்கு மேல். அந்த மூன்றெழுத்தைப் போட்டுக்கொண்டு சர்க்கரைப் பானங்கள் விற்கப்படுவதை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில்தான் தடுத்தது. வற்றிப்போன குழந்தைக்கு உயிர் தருவது, களைத்த ஓட்டக்காரருக்குச் சுவையும் தெம்பும் தருவது, இவ்விரண்டும் ஒன்றென்று மயங்கக் கூடாது.

*

தாகத்துக்குத் தமிழில் சொற்கள் பல. வேட்கை என்றால் நீர்மேல் எழும் ஆசையும்தான், நெஞ்சில் எழும் ஆசையும்தான். வைணவ உரையாசிரியர்கள் விடாய் என்று எழுதும்போது பக்தனின் தவிப்பும் அதில் சேர்ந்துவிடுகிறது. ஆசையைக் குறிக்கும் சொல்லையே தாகத்துக்கும் வைத்தவர்கள், அதை ஒருவருக்குள்ளிருந்து மட்டும் எழக்கூடியது என்று கருதினார்கள் போலும். உடலியலும் அதையே சொல்கிறது. இரத்தத்தின் செறிவு ஒன்றிரண்டு விழுக்காடு கூடினாலே மூளையின் அடிப்பகுதி அதை உணர்ந்து தாகத்தை எழுப்புகிறது. அவ்வளவு நுட்பமான ஒரு துலாக்கோலை, குழந்தைத்தனமானது என்று நான் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன்.

புறநானூற்றின் 74ஆம் பாட்டை ஆண்டுதோறும் நடத்துகிறேன். சோழன் செங்கணானிடம் தோற்றுச் சிறையில் கிடந்த கணைக்கால் இரும்பொறை தண்ணீர் கேட்கிறான். காவலர் காலம் தாழ்த்திக் கொடுக்கிறார்கள். வாங்கிய நீரைப் பருகாமல் உயிர்விடுகிறான். மானத்தின் பாட்டு என்றே விளக்கி வந்தேன். அந்த சனவரிக்குப் பிறகு, நீரைக் கையில் வைத்திருந்த காவலனையும் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். நீரை வைத்திருப்பவனுக்கு ஓர் அதிகாரம் வந்துவிடுகிறது. சல்லிவன் அதைக் கொடாமல் காட்டினார். நான் கொடுத்துக் காட்டினேன்.

மிகுந்தாலும் குறைந்தாலும் நோய் என்பது ‘மருந்து’ அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த அளவு. அடுத்து அவர் சொல்வது, முன்பு உண்டது செரித்ததை அறிந்து உண்ண வேண்டும் என்பது. அறிய வேண்டியவர் உண்பவர். பரிமாறுகிறவருக்கு அங்கே வேலையில்லை.

இதனால் ஓட்டத்தில் தண்ணீர் வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் வெயிலும் புழுக்கமும் கொல்லக்கூடியவை, வெப்பவாதம் உண்மையானது. அமெரிக்கக் கழகமும் 2007இல் தன் நிலைப்பாட்டைத் திருத்தி, உடல் எடையில் 2 விழுக்காட்டுக்கு மேல் நீரிழப்பு நேராமல் பார்த்துக்கொள்ளுமாறும், மிகையாகக் குடிக்க வேண்டாம் என்றும் சொன்னது. தாகத்துக்குக் குடிப்பதே பாதுகாப்பு என்று 2015இல் கூடிய வல்லுநர் குழு அறிவுறுத்தியது.

உடல் தேறிக் கல்லூரிக்கு வந்த முதல் நாள் அவர் என்னைத் தேடி வந்தார். நான் மன்னிப்புக் கேட்கச் சொற்களைச் சேர்த்து வைத்திருந்தேன். அவர் ஒரு தாளை நீட்டினார். இயற்பியல்காரர் அல்லவா, கணக்குப் போட்டிருந்தார். 20 மேசைகள், மேசைக்கு இரண்டு குவளை, குவளைக்கு 150 மில்லிலிட்டர். ஆக 6 லிட்டர். பயிற்சியின்போது ஒரு மணி ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்ததில், அவருக்கு மணிக்கு 700 மில்லிலிட்டர் வியர்த்திருக்கிறது. 5 மணி 40 நிமிடத்துக்கு ஏறத்தாழ 4 லிட்டர். மிச்சம் 2 லிட்டர்.

“என்கிட்டயே இந்தக் கணக்கு இருந்துச்சு சார். நீங்க எழுதிக் குடுத்ததனால நான் போட்டுப் பார்க்கல” என்றார்.

குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. அதனால்தான் இன்றும் காதில் இருக்கிறது. பிறகு கணக்கிட்டுப் பார்த்தேன். மணிக்கு 1060 மில்லிலிட்டர் வருகிறது. 1996ஆம் ஆண்டின் வரம்புக்குள் மிகச் சரியாகவே நான் அவரைச் சாகடிக்கப் பார்த்திருக்கிறேன்.

அவர் அதன்பின் இரண்டு மாரத்தான்கள் ஓடியிருக்கிறார், அட்டவணை இல்லாமல். நான் இன்னும் முழு மாரத்தான் ஓடவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை ஏதாவதொரு தண்ணீர் மேசையில் போய் நிற்கிறேன். குவளையை நீட்டுவதற்கு முன் “தாகமா இருக்கா?” என்று கேட்கிறேன். பக்கத்தில் நிற்கும் இளைஞர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கிறது; ஓடி வருகிறவர்களை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கிறார் வாத்தியார் என்று சிரிக்கிறார்கள். சிலர் ஆம் என்று வாங்கிக்கொள்கிறார்கள். சிலர் பேச மூச்சில்லாமல் தலையை மட்டும் அசைத்துவிட்டு ஓடுகிறார்கள். அவர்களுக்காக நிரப்பிய குவளையை மேசைமேல் திரும்ப வைத்துவிடுகிறேன்.